சட்டியில் கொதித்த கடல்

மீன் தலையை உடைக்காமல் முழுசாகக் குழம்பில் போடுவதுதான் சகாயமேரி வீட்டு வழக்கம். கடலடி எரிமலை வெடிப்பதை முன்கூட்டியே அறிய ஆராய்ச்சி நிலையத்தார் சூடு அளக்கும் மின்னணுச் சில்லை வைத்துக் கடலில் விட்டதோ மீன் தலைக்குள். குழம்பு கொதித்தால் கடலே கொதிக்கிறதென்று சைரன் அலறும்; ஊர்ச்சனம் மேட்டுக்கு ஓடும்.

மூன்றாம் முறை அலறியதும் நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"கொதிச்சது என் சட்டிய்யா! இதுகூட விளங்காத மெஷினை எவன்யா செஞ்சான்?"

"தலையை உடைச்சு, சில்லை எடுத்துட்டு வைங்கம்மா."

"தலையை உடைச்சா அது குழம்பா? போனை வையும்!"

மறுநாள் மத்தியானம் மறுபடி சைரன். ஒருவரும் அசையவில்லை.

"ஏ சகாயம், அடுப்பை அணைச்சுத் தொலை!" என்று பக்கத்து வீட்டு அமலி கத்தினாள்.

சகாயமேரி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அன்று அவள் வைத்திருந்தது சாம்பார்.