கரடிப்பல்லுக்கு என்ன ஆச்சு?

"இந்தப் படத்தைப் பிரிச்சு இன்னிக்கு அவங்க மூஞ்சியிலேயே விட்டெறியப் போறேன்," என்றான் ஹெய்மோ.

எங்கள் தம்பெரே ஊர் ரெக்கார்டுக் கடையில் பெரிய வரிசை. உள்ளே 'கரடிப்பல்' குழு புது ஆல்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நாற்பது வருஷ ஹெவி மெட்டல் குழு. ஹெய்மோ அவர்களுக்கு நாற்பது வருஷ ரசிகன். எனக்கு நாற்பது வருஷ சிநேகிதன், அதாவது தலைவலி.

எங்கள் ஊரில் வரிசையில் நிற்கிறவன் வாயைத் திறந்தாலே விஷயம் பெரிசு என்று அர்த்தம். ஹெய்மோ திறந்த வாயை மூடவே இல்லை.

"இது ஹெவி மெட்டலா? தாலாட்டு. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள நான் காபி போட்டு, குடிச்சு, கப்பையும் கழுவிக் கவுத்துட்டேன்."

"நீ கப்பு கழுவினியா? எப்போ?" என்றாள் அவன் மனைவி ரைலி.

முன்னால் நின்ற தாடிக்காரர் திரும்பினார். "பாட்டு இழுக்கறதைப் பார்த்து ரெக்கார்டு பிளேயர்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். புது பெல்ட் வாங்கி மாட்டினேன்."

"நான் ரெண்டு பெல்ட் மாட்டினேன்," என்றான் ஹெய்மோ.

"முப்பத்திமூணு சுத்துல ஓடற ரெக்கார்டை நாப்பத்தஞ்சு சுத்துல ஓட விட்டுப் பாருங்க," என்றார் தாடிக்காரர். " பழைய கரடிப்பல்லேதான். என்ன, பாடறவர் குரல் மட்டும் எலி மாதிரி கேக்கும்."

"பாவம், விடுங்களேன். வயசாயிடுச்சு அவங்களுக்கு," என்றாள் ரைலி.

"வயசானா ஏரியில தூண்டில் போட்டுக்கிட்டு உக்காரணும். எதுக்கு ஆல்பம்?" என்றான் ஹெய்மோ.

அவன் போட்டிருந்தது கை இல்லாத ஜீன்ஸ் ஜாக்கெட். முதுகு முழுக்க குழுவின் சின்னம், வாயைப் பிளந்த கரடி, துணிப் படமாகத் தைத்தது. கல்யாணத்துக்கே அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். அந்தப் படத்தைப் பிரித்து குழுவிடமே திருப்பிக் கொடுப்பதென்றால் எங்கள் கூட்டத்தில் விவாகரத்து மாதிரி.

"நேத்து அந்த ஜாக்கெட்டை மடியில வெச்சுக்கிட்டு அழுதான்," என்று ரைலி என் காதில் சொன்னாள். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

எங்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் டிரம்மர் கௌகோ. எழுபதை நெருங்கிய மனிதர்.

ஹெய்மோ ஜாக்கெட்டைக் கழற்றி மேஜையில் விரித்தான். கத்தரிக்கோலை எடுத்தான். வெட்டினான். நூல் அறுந்தால்தானே? பல் இடுக்கைச் சுத்தம் பண்ணுகிற நூல் அது. மெட்டல் ரசிகர்கள் வேறு நூலை நம்ப மாட்டார்கள். தைத்தது ரைலி வேறு.

அவன் இழுத்தான், கடித்தான், வியர்த்தான். கௌகோ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன், நீங்க வெட்டுங்க."

"உதவி பண்ணாதீங்கண்ணே. நான் கோபமா இருக்கேன்."

"என்ன கோபம் தம்பி?"

"வேகம் எங்கண்ணே? கை ஓஞ்சு போச்சா? போச்சுன்னா போச்சுன்னு சொல்லுங்க. மனசைத் தேத்திக்கறேன்." அவன் குரல் உடைந்துவிட்டது.

கௌகோ கையெழுத்துப் போட்ட பேனாவோடு இன்னொன்றையும் எடுத்து மேஜையில் வாசிக்க ஆரம்பித்தார்.

அடேயப்பா. காபிக் கப்புகள் குதித்தன. தட்டிலிருந்த ஏலக்காய் பன் ஒன்று கீழே விழுந்தது. அதே பழைய வேகம், ஒரு இம்மி குறையவில்லை. வரிசையில் நின்றவர்கள் தலையெல்லாம் தானாக ஆட ஆரம்பித்தது. ஹெய்மோ தலை சுழன்ற சுழற்சியில் தொப்பி பறந்தது. ரைலி பாய்ந்து அவன் பின்னங்கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்புறம் ஏண்ணே ஆல்பத்துல..." ஹெய்மோவுக்கு மூச்சு வாங்கியது.

கௌகோ பேனாக்களைக் கீழே வைத்தார்.

"போன டூர்ல ஒரு அம்மா மேடைக்குப் பின்னால வந்து அழுதாங்க. வீட்டுக்காரருக்குக் கழுத்துத் தேய்மானமாம். இன்னும் இப்படியே தலையை ஆட்டினா கை கால் விழுந்துடும்னு டாக்டர் சொல்லியும் அவர் கேக்கலையாம். 'நீங்க வேகமா வாசிச்சா அவரால ஆட்டாம இருக்க முடியாது'ன்னாங்க. நாங்க நாலு பேரும் உக்காந்து பேசினோம். சரி, ஒரு ஆல்பம்தானேன்னு மெதுவா வாசிச்சுட்டோம்."

"ஒருத்தன் கழுத்துக்காகவா? ஊரே உங்களைக் காறித் துப்புதேண்ணே."

"துப்பட்டும். துடைச்சுக்கறோம்."

ஹெய்மோவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யாருண்ணே அந்த ஆள்? அவனெல்லாம் ஒரு ரசிகனா? கழுத்துத் தேய்மானம் யாருக்குத்தான் இல்லை? எனக்குந்தான் இருக்கு. என் டாக்டரும் இதையேதான் சொன்னார். நான் ஆட்டாமலா இருக்கேன்? கட்டினவளை அழ விட்டுட்டு, எங்க எல்லாரோட ஆல்பத்தையும் கெடுத்து..."

கௌகோ அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, சுவரில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலை விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த ரைலியைப் பார்த்தார்.

"இதுக்கு மேல மெதுவா வாசிக்க எங்களுக்கு வரலை தங்கச்சி," என்றார். "அவர் கழுத்து இப்போ பரவாயில்லையா?"