பூசணிக் குழித் தோடு

கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பட்டின்மேல் ஒரு பழங்காலத் தோடு மின்னுகிறது. அதன் விளிம்பிலுள்ள வெட்டு பெருமாயியின் மண்வெட்டி பட்டு விழுந்தது. பங்குனியில் எரியோட்டுத் தோட்டத்தில் பூசணிக்கு முதல் குழி வெட்டும்போது அவளுக்கு அகப்பட்ட தோடு. "வெறும் பித்தளை தாயி, மண்ணுல வந்தத மண்ணுக்கே குடுத்துரணும்" என்று அண்ணன் பொம்மையன் அதை வாங்கி, அதே குழியில் புதைப்பதாகச் சொல்லி, மேலே பூசணி விதை ஊன்றினான். மியூசியக் காவலாளி பெட்டியிலுள்ள அட்டையை அவளுக்குப் படித்துக் காட்டுகிறார்: "பொன் தோடு. கொடுத்தவர் எரியோடு பொம்மையன்." ஜன்னல் வெயில் பொன்னில் பட்டு அவளுடைய மூளிக் காதில் தெறிக்கிறது. கூடவே வந்தும் உள்ளே வராத அண்ணன், "பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயி" என்று வாசலிலிருந்து கூப்பிடுகிறான். பெருமாயி திரும்பவில்லை. கண்ணாடியில் தெரியும் அவன் உருவத்திடம் மெல்லக் கேட்கிறாள்: "தெனமும் அந்தக் குழியக் கும்பிட்டுத்தானேண்ணே தண்ணி ஊத்துனேன்?"