ஆள்காட்டிக் குருவியின் முதல் வரி

அண்டமெல்லாம் காக்கும் ஐயன் திருவடி சரணம்.

சிங்கராசனிடம் காவல் வேலை கேட்கவிருந்த ஆள்காட்டிக் குருவிக்கு, மனு எழுதும் நரி தன்விவரக் குறிப்பு எழுதியது.

"அம்மணி, ஆண்டுவாரியாக எழுதினால் நீ அடைகாத்த காலம் வேலையில்லாத வெறும் ஓட்டையாகத் தெரியும். திறமைகளை மட்டும் அடுக்கி அதை மூடிவிடுவோம்."

"ஓட்டையா? வெட்டவெளித் தரையில் நான்கு முட்டையிட்டு, பாம்பையும் உம்மையும் அலறியே விரட்டினேன். அன்று நீர் ஓடிய ஓட்டம் மறந்துவிட்டதா, ஓய்? அதையே முதல் வரியாக எழுதும். மூடித்தான் வேலை கிடைக்குமென்றால் அந்த வேலையே வேண்டாம்!"

நரி முணுமுணுத்தபடி எழுதிக் கொடுத்தது.

முதல் வரியைப் படித்த சிங்கம் கேட்டது: "அடைகாத்ததும் ஒரு வேலையா?"

குருவி ஒரு குரல் கொடுத்தது. வாயிலோரப் புல்லிலிருந்து நான்கு குஞ்சுகளும் ஒன்று குறையாமல் தலை நிமிர்ந்தன.

"இன்றே காவலுக்கு வா" என்றது சிங்கம்.

இதைக் கேட்போர் பட்ட பாடெல்லாம் தலைநிமிர்ந்து சபையேற அந்த ஐயன் அருள்க.