சோதனை ஓட்டம்

"அண்ணாச்சி, ஒரு மணிக்குள்ள வாசுதேவநல்லூர் போயாகணும். இந்த வண்டியை வாங்க அங்கன ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். இது வெடிக்கிற வெடியைக் கேட்டா, வேண்டாம்னு ஓடிருவான்!"

கோகுல் முறுக்கிக் காட்டினான். சிவப்பு பைக் இருமியது, படபடவென்று வெடித்தது, அணைந்தது. இந்த மாதிரி மாற்றிக் கட்டிய வண்டிகளுக்குச் சங்கரன்கோவிலில் தங்கப்பழம் மெக்கானிக்தான் என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தங்கப்பழம் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஊரையே எழுப்புகிற சைலன்சர். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு அங்கே பளபளவென்று ஒரு குட்டி ஃபில்டர்.

"இதெல்லாம் யாரு மாட்டுனா?"

"நான்தான். போன்ல வீடியோ பாத்து."

"வீடியோல கார்புரேட்டரைப் பத்திச் சொல்லலியோ? காத்து ரெண்டு மடங்கு உள்ள போகுது, பெட்ரோல் பழைய அளவுதான் வருது. பின்ன வெடிக்காம என்ன செய்யும்?"

கார்புரேட்டரைப் பிரித்தார். அடிமூடியைத் துடைத்தவர், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய வேலையா அண்ணாச்சி?"

"இல்ல தம்பி. வண்டி எத்தனை வருசமா வச்சிருக்கிய?"

"ஆறு வருசம். ஷோரூம்ல நானே எடுத்தது. விக்க மனசே இல்ல."

"இருக்கும்லா" என்றார்.

பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டைக் கழற்றி, பெரியதாகப் பார்த்து மாட்டினார். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவதும், காதைக் கொடுத்துக் கேட்பதும், மறுபடி திருப்புவதுமாக முக்கால் மணி நேரம். கூலிக்குச் செய்கிறவர் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார். கோகுலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கடைசியில் வெடிப்பு நின்றது. இன்ஜின் சீராக ஓடியது.

"எவ்வளவு அண்ணாச்சி?"

"அது கெடக்கட்டும். மெயின் ரோட்டுல நேரா ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு வாங்க."

கோகுல் சிரித்தபடி ஏறி உட்கார்ந்தான். திரும்பி வருகிற உத்தேசம் அவனுக்கு இல்லை என்று அந்தச் சிரிப்பே சொன்னது. பைக் சீறிக்கொண்டு போயிற்று.

தங்கப்பழம் கையைத் துடைத்துவிட்டு போனை எடுத்தார்.

"ஏட்டய்யா, ஒரு சிவப்பு பைக் உங்க பக்கம் வருது. பெட்ரோல் டேப்பை மூடித்தான் அனுப்பியிருக்கேன். கார்புரேட்டர்ல கெடக்குறது தீர்ந்து, சரியா உங்க ஸ்டேஷன் வாசல்ல நின்னுரும். ஆளை அமுக்கிருங்க."

"யாரு வண்டி அண்ணாச்சி?"

"போன மாசம் என் கறுப்பு வண்டியைக் காணோம்னு புகார் எழுதிக் குடுத்தேன்லா? பெயிண்டையும் நம்பர் பிளேட்டையும் மாத்திட்டான், கார்புரேட்டருக்குள்ள நான் கீறி வச்ச என் பேரை மாத்தல."