ருசி பார்க்கும் வேலை

வேலை கேட்டுத் தேயிலைத் தொழிற்சாலையின் ருசி அறைக்குள் நுழைந்ததும் சிங்காரத்தின் கண்ணில் முதலில் பட்டது, பாதி தின்ற நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். இறால் விழுதும் மிளகாயும் அரைத்த பிலாச்சான் சம்பல் செக்கச்செவேலென்று இலையில் வழிந்துகொண்டிருந்தது. தேநீர் ருசி பார்ப்பவர்கள் வேலைக்கு முன்னால் காரத்தைத் தொடவே மாட்டார்கள் என்று அவன் புத்தகத்தில் படித்திருந்தான்.

ஆனால் எதிரே உதட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பழனியப்பன். கேமரன் மலையிலேயே அவர் நாக்குக்கு நிகரில்லை என்று தோட்டத்துத் துரையே சொல்வார். அப்பேர்ப்பட்ட நாக்கைச் சம்பல் என்ன செய்துவிடும் என்று நினைத்தபோதே சிங்காரத்துக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

இருக்காதா பின்னே? அவன் மெட்ராசில் டாக்டர் பட்டம் வாங்கியவன். தேயிலைக்கு வாசனை எங்கிருந்து வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்து மருந்து நெடியை வருடக்கணக்கில் சுவாசித்ததில் பட்டம் வந்தது, மூக்கு போய்விட்டது. இப்போது அவனுக்கு ஊதுபத்தியும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபத்தாறில் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியபோது அவன் பிறந்து வளர்ந்த தோட்டமே மாலை போட்டது. அதற்குப் பிறகு அவன் ஏறி இறங்காத படியில்லை. கல்லூரிகளில் இடமில்லை என்றார்கள். உரக் கம்பெனிகளில், இவ்வளவு படித்தவர் எங்களுக்கு எதற்கு என்று கும்பிட்டு அனுப்பினார்கள். மனைவி ரஞ்சிதம்தான் கொழுந்து பறித்துச் சோறு போட்டாள்.

இந்த வேலையும் இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரிங்லெட்டில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விடுவதாகக் காலையில் சொல்லியிருந்தாள். சண்டை போட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மேசையில் ஐந்து கோப்பைகள். ஒவ்வொன்றாக ருசித்துக் குறையைச் சொல்ல வேண்டும். சிங்காரம் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பினான். வேலை செய்ததெல்லாம் கண்தான். நிறம் மங்கியிருந்தால் அளவுக்கு மீறிப் புளித்த இலை, பச்சையடித்தால் சரியாக வாடாத இலை. படிப்பு அந்த மட்டுக்கும் கை கொடுத்தது.

பழனியப்பன் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் அடுத்தது என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசிக் கோப்பைதான் காலை வாரியது. நிறத்தில் ஓர் அப்பழுக்கில்லை. குறை இருந்தால் அது வாசனையில்தான் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவனிடம் மூக்கு எங்கே இருக்கிறது? ரஞ்சிதம் துணிமணியை மூட்டை கட்டுவதுபோல் ஒரு நினைப்பு வந்தது. துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்று குருட்டாம்போக்கில் அடித்துவிட்டான்.

"புகை நாத்தம் இருக்குங்கய்யா. காய வைக்கிற அடுப்புல எங்கயோ கசியுது."

பழனியப்பன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே வந்துடுங்க தம்பி. துரைகிட்ட நான் பேசிக்கிறேன் லா."

சிங்காரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போயிருக்கலாம், பாழும் மனசு கேட்டால்தானே.

"அந்தக் கடைசிக் கப்பு... சரியாத்தான் சொன்னேனாங்கய்யா?"

பெரியவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்? போன வருசக் காய்ச்சல்ல என் நாக்கு செத்துப்போச்சு. துரைக்குத் தெரியாது. இனிமே உங்க நாக்குதான் ரெண்டு பேருக்கும்."