வெட்டாமல் உட்காரும் செட்

"அப்புத்துரையா? அலாமாக்... எப்போ?"

உள்ளே கடையில் வேலை செய்யும் நோர்மா போனில் பேசுவது சந்திரசேகரன் காதில் விழுந்தது. சூலியா தெருவில் கார் ரேடியோ கடை வைத்திருக்கும் அவர், கடை வாசலில் நின்ற அப்புத்துரையின் பழைய மொரிஸ் காருக்குள் குனிந்து, கேசட் செட்டுக்குக் கடைசித் திருகைப் போட்டுக்கொண்டிருந்தார்.

நோர்மா ஓடி வந்தாள். மலாய்ப் பெண்ணான அவளுக்குத் தெரிந்தது கடைத் தமிழ்தான்.

"பாஸ், அப்புத்துரை ஐயா செத்துப் போச்சு. வீட்டுலேருந்து பொம்பளை பேசுது. அழுற மாதிரி கத்துது. அப்புறம் லைன் கட்."

சந்திரசேகரன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். காலையில்தான் சாவியைக் கொடுத்துவிட்டுக் குடையைச் சுழற்றிக்கொண்டு போன மனிதர்.

"நல்லாத்தானே இருந்தாரு லா. தங்கமான மனுஷன்."

கண் கலங்கியது. அதில் பொய்யில்லை. நோர்மா தண்ணீர் கொடுத்தாள்.

குடித்து முடித்ததும் அவர் பார்வை செட்டுக்குப் போனது. இப்போது வருகிற செட்டெல்லாம் அகலம். பழைய கார்களின் பொந்தில் நுழையாது. டாஷ்போர்டை வெட்ட வேண்டும். வெட்டாமல் உட்காரும் சின்ன செட்டில் இதுதான் கடைசி. மகளுக்கு வாங்கிய பழைய டட்சனுக்கும் இதே அளவு. "வெட்டி அசிங்கம் பண்ணிடாதீங்கப்பா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். "உங்க அதிர்ஷ்டம் ஐயா, என் மக காருதான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது" என்று காலையில் அப்புத்துரையிடமே குறைப்பட்டிருந்தார்.

"நோர்மா, அந்தப் பெரிய செட்டை எடுத்துட்டு வா. ரம்பமும்."

"ஐயா இந்தக் கார் வெட்டக் கூடாது சொல்லிச்சே, பாஸ்?"

"இனிமே யாரு பார்க்கப் போறா? அந்தம்மாவுக்கு அளவா தெரியப்போவுது?"

சின்ன செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரம்பத்தை டாஷ்போர்டில் பதித்தார்.

"வெட்டத் தொடங்கியாச்சோ?"

கதவருகே அப்புத்துரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நோர்மாவின் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. சந்திரசேகரன் ரம்பத்தை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறீர்? என்ர மனிசியைத்தான் போன் பண்ணச் சொன்னனான். இரைச்சல் லைனில அவள் 'மாத்தி, மாத்தி' எண்டு கத்தக் கத்த, இந்தப் பிள்ளைக்கு விளங்கேல்லையாம். லைனும் அறுந்திட்டுதாம். அதுதான் நானே வந்தனான்."

"மாத்தி..." நோர்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். மலாய்மொழியில் அதற்குச் சாவு என்று பொருள்.

"ஓம், மனதை மாத்திப் போட்டன். சின்ன செட் உம்மட மகளின்ர காருக்குப் போகட்டும். சின்னப் பிள்ளை ஆசைப்படுகுது. என்ர கிழட்டுக் காரை வெட்டினால் என்ன குறையப் போகுது?" அவர் மடியிலிருந்த செட்டையும் ரம்பத்தையும் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லை, சொன்னது சரியாத்தான் வந்து சேர்ந்திருக்கு."

சந்திரசேகரன் ரம்பத்தைக் கீழே வைத்தார். சின்ன செட்டை எடுத்து, மொரிஸின் பொந்திலேயே மறுபடி பொருத்தி, தலை நிமிராமல் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.