முனியாண்டியின் பல்

"பார்த்துத் தொடும்மா, அது சாமி பல்லு" என்றார் கனகராஜ்.

மாதுமை சிவப்புத் துணியைப் பிரித்தாள். மஞ்சளையும் குங்குமத்தையும் ஈரத் துணியால் மெல்லத் துடைத்தாள். கட்டைவிரல் நீளத்தில் கறுத்துப்போன பல் ஒன்று தெரிந்தது. பக்கத்தில் ஓர் எலும்புத் துண்டு. பல்கலைக்கழகத்தில் புதைபடிவங்களை ஆராயும் ஈப்போ நகரத்துப் பெண் அவள்.

பீடோர் ஊருக்குப் பக்கத்தில், ரப்பர் போய்ச் செம்பனை வந்த பழைய தோட்டம் அது. இப்போது செம்பனையும் போய், நிலம் வீடு கட்டி விற்கும் சீன முதலாளியான தவுக்கே ஒருவரிடம் விலைபோயிருந்தது. முனியாண்டி கோயிலைத் திங்கட்கிழமை இடிப்பதாகச் சொல்லிவிட்டார்கள். மண்வாரி இயந்திரம் வேலியோரம் வந்து நின்றுவிட்டது. கோயில் மண்ணில் கிடைத்தது டைனோசர் பல் என்று தெரிந்தால் அரசாங்கமே வேலையை நிறுத்திவிடும் என்பது கோயில் தலைவர் கனகராஜின் கடைசி நம்பிக்கை.

"முதலைப் பல்லுன்னு சொல்லிட்டா?" என்று கேட்டார் அவருடைய மனைவியின் தம்பி சீனி.

"வாய கழுவுடா."

கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார் கனகராஜ். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது எங்க கிடைச்சது, அங்கிள்?"

"நல்லா கேட்டம்மா! எங்க தாத்தா கனவுல முனியாண்டி வந்து, 'என் பல்லு மண்ணுக்குள்ள கிடக்கு, எடுத்து வச்சுக் கும்பிடு'ன்னாரு. விடிஞ்சதும் தாத்தா தோண்டினாரு. தோ, இந்தப் பீடம் இருக்கிற எடத்துலதான். பல்லும் எலும்பும் ஒண்ணா வந்துச்சு. அன்னையிலேருந்து திருவிழாவுல முதல் மரியாதை எங்க குடும்பத்துக்குத்தான்."

சீனி தொண்டையைக் கனைத்தார். "மச்சான், எங்க தாத்தா சொன்னது வேற மாதிரி..."

"உங்க தாத்தாவுக்குக் கள்ளுக்கடைய விட்டா வேற என்னடா தெரியும்?"

"அவரு எனக்கும் தாத்தாதான்" என்றாள் கனகராஜின் மனைவி வீரம்மா, கற்பூரத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாதுமை பூதக்கண்ணாடியை எடுத்துப் பல்லின் மேல் பிடித்தாள்.

"முதலைப் பல்லு உருண்டையா, கூம்பு மாதிரி இருக்கும். இது தட்டை. பின்னால வளைஞ்சிருக்கு. ஓரத்துல பாருங்க, ரம்பம் மாதிரி."

"அப்படின்னா நல்லதாம்மா, கெட்டதா?"

அவள் எலும்புத் துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"ஐயையோ! சாமி சாமான்மா அது!"

"சாதாரணக் கல்லுன்னா பெரும்பாலும் ஒட்டாது, அங்கிள். புதைஞ்சுபோன எலும்புல நுண்ணிய துளை இருக்கும், நாக்குல ஒட்டிக்கும். இது ஒட்டுது." எலும்பின் உடைந்த முனையைத் திருப்பிக் காட்டினாள். "உள்ள குழாய் மாதிரி பொள்ளல். சுவரு மெல்லிசு. ஆய்வகத்துல இன்னொரு தடவ பார்க்கணும். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல. இறைச்சி தின்ன டைனோசர்தான்."

வீரம்மா குலவையிட்டாள். கனகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த மெஷினு?"

"இன்னிக்கே மேலிடத்துக்குச் சொல்லிடறேன். இந்த நிலத்துல எந்த மூலையிலயும் தவுக்கே கை வைக்க முடியாது."

"கேட்டியாடா சீனி? எங்க தாத்தா செத்தும் கோயில காப்பாத்திட்டாரு!"

சீனி வாயைத் திறந்தார். வீரம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மாதுமை பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து, பீடத்தைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

"என்னம்மா செய்யிற?"

"பல்லு கிடைச்ச எடத்துலதானே மத்த எலும்பும் இருக்கும், அங்கிள்? அதனால இங்கதான் முதல்ல தோண்டுவோம். சிலை, பீடம், கூரை எல்லாத்தையும் எடுத்துடணும். கவலப்படாதீங்க, மெஷின் வேணாம். கையாலயே பத்திரமா பிரிச்சிடுவோம்."

கனகராஜ் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"கோயில எடுக்கணுமா?"

"வேற வழியில்ல. எடம் இதுதானே? உறுதியா தெரியுமா?"

கனகராஜ் முனியாண்டியைப் பார்த்தார். வேலியோரம் நின்ற இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு சீனியின் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் ஒருமுறைகூட அவரை 'டா' போடாமல் கூப்பிட்டதில்லை.

"மச்சான்..." என்றார். "லயத்து வீடுங்களுக்குப் பின்னால உங்க தாத்தா கக்கூஸ் குழி தோண்டினப்ப இது கிடைச்சுச்சே, அந்த எடத்த இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் காட்டுலா."